நண்டலாற்றைத் தாண்டினால் விலை வேறு

கப்பர்நாகுமில் மத்தேயு அமர்ந்திருந்த சுங்கச் சாவடியை நாம் அறிவோம். அது ஏன் அந்த ஊரில் இருந்தது என்று யோசித்திருக்க மாட்டோம். ஏரோது அந்திப்பாவின் ஆட்சிப் பகுதி முடிந்து பிலிப்பின் பகுதி தொடங்கும் எல்லைக்கு அருகில் இருந்த ஊர் அது. எல்லை இருந்தால் சாவடி வரும். சாவடியைச் சுற்றிச் சிலருக்குப் பிழைப்பும் வரும்.

நமக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. சீர்காழியிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி, பொறையாறு, அதன்பின் நண்டலாறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் காரைக்கால். இரு கரையிலும் அதே வண்டல் மண், அதே காவிரிக் கடைமடை, அதே சம்பா நெல். வயலைப் பார்த்து எது எந்த மாநிலம் என்று சொல்ல முடியாது. பெட்ரோல் பங்கையும் மதுக்கடையையும் பார்த்தால் சொல்லிவிடலாம்.

நெல் இங்கே விளைவதற்குக் காரணம் காவிரி. மதுக்கடைகள் அங்கே நெருங்கி நிற்பதற்குக் காரணம் வரி. 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் தஞ்சை மராத்திய மன்னரிடமிருந்து காரைக்காலைப் பெற்றார்கள். 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலை அது தொடவில்லை. 1954 நவம்பரில் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது. சுங்கக் காவல் போயிற்று. வரி வேறுபாடு நின்றுவிட்டது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இதுவும் தீரும் என்று பலர் எண்ணினார்கள். பொருள் போய்ச் சேரும் இடத்தில் வரி என்றானதால், சோப்பும் சிமெண்டும் வாங்க எல்லை தாண்டுவதில் பயனில்லை. ஆனால் மதுவும் பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே விடப்பட்டன. ஆகவே எல்லை கடந்த வியாபாரமும் அவற்றைச் சுற்றியே நிற்கிறது.

இதை மாற்ற முடியாதா? ஒருமுறை மாற்றினார்கள். 2020 மே மாதம், கொரோனா காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் வரக்கூடாது என்பதற்காகப் புதுவை அரசு சிறப்பு வரி போட்டு, இரு இடத்திலும் கிடைக்கும் மது வகைகளின் விலையைத் தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக்கியது. நோய்க்கு அஞ்சிச் செய்ததைக் குடும்பங்களுக்காகத் தொடரவில்லை. 2021 ஏப்ரலில் அந்த வரி நீங்கியது.

புதுவையை மட்டும் குறை சொல்வதும் நேர்மையாகாது. சுமார் 160 சதுர கிலோமீட்டர் காரைக்காலில் வரி வருவாய்க்கு வழிகள் குறைவு. நம் மாநிலமோ 2023-24இல் மட்டும் டாஸ்மாக் வழியாக ஏறத்தாழ 45,855 கோடி ரூபாய் பெற்றது. நமது கடையில் விற்றால் வருவாய், அடுத்தவர் கடையில் வாங்கி வந்தால் கடத்தல் என்கிறோம். சீர்காழியில் கூலி வாங்கும் மனிதரின் வீட்டில் இரண்டுக்கும் ஒரே விளைவுதான்.

எல்லைச் சோதனையில் பிடிபடுபவரை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் இருசக்கர வண்டியில் சாக்குப்பை கட்டி வரும் இளைஞர், அல்லது பேருந்தில் பையோடு வரும் பெண். வழக்கு அவர்கள்மேல், வண்டியும் போய்விடும். அந்தப் புட்டிகளை அவர்களுக்கு விற்ற கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம், உரிமத்தோடு, மறுநாள் காலையும் திறக்கும்.