காத்திருப்போர் உரிமை

முன்பணம் கட்டிய மின்மகிழுந்து குறித்த நாளில் வராவிடில் சினம் எழுவது இயல்பே. அச்சினத்தைப் பயனுள்ளதாக்குவது எவ்வாறு?

நம் சால்ட் லேக்கிலிருந்து ஹூக்ளி ஆற்றைக் கடந்து சென்றால் உத்தர்பாராவை அடையலாம். அங்கு உருவான அம்பாசிடர் மகிழுந்துக்காக மக்கள் ஒருகாலத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். வேறு வழியின்றிப் பொறுத்தனர்.

காத்திருப்பு இன்றும் முற்றிலும் நீங்கவில்லை. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்ட ஓலா மின் ஸ்கூட்டர்கள் டிசம்பரில்தான் வாங்கியோரைச் சென்றடையத் தொடங்கின. உலகளாவிய மின்னணுச் சில்லுத் தட்டுப்பாட்டை நிறுவனம் காரணமாகக் கூறியது.

சில்லு கிடைக்காமை விற்பவர் பிழையன்று. தாமதத்தை உரிய காலத்தில் தெரிவிக்காமை பிழையே. கடன் பெற்று வாங்குவோர்க்கு உண்மையான நாள் தெரிந்தாக வேண்டும். விற்பனை நிலைய ஊழியரைக் கடிந்து பயனில்லை. வண்டி வரும் நாளை அவர் முடிவு செய்வதில்லை. சேவைக் குறைபாடு குறித்து முறையிட 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு.

முறையிடுவதற்குச் சான்று வேண்டும். ஆகவே, பணம் கட்டும்போதே வழங்கும் நாளையும், தவறினால் பணம் திரும்பும் முறையையும் எழுத்தில் பெறுவோம்.