வந்தே பாரத் படம் போடும் நண்பர்களுக்கு

நெல்லையிலிருந்து சென்னைக்கு எட்டு மணி நேரத்தில் வந்துவிட்டதாகப் படம் போட்ட நண்பர் ஒருவர், கீழே இப்படி எழுதியிருந்தார்: "இனிமே யார் சார் ஸ்லீப்பர்ல போவாங்க?"

பதில் கொஞ்சம் நீளும். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், வழிமுறை காட்டாமல் விடை எழுதிப் பழக்கமில்லை.

யார் போவார்கள்? என் அக்கா போவார். வயது 74. பென்ஷன் கிடையாது. மகள் தாம்பரத்தில் இருக்கிறாள். நெல்லையிலிருந்து ஸ்லீப்பர் டிக்கெட் நானூறு ரூபாய் வாக்கில். வந்தே பாரத் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல், அதுவும் உட்கார்ந்தபடி. 2020 மார்ச் வரை 58 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் பாதிக் கட்டணம், 60 தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதம் தள்ளுபடி. கொரோனாவில் நிறுத்தினார்கள். கொரோனா போயே போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. வருஷத்துக்கு மூன்று முறை பேரப்பிள்ளைகளைப் பார்த்துவந்த அக்கா இப்போது ஒருமுறைதான் போகிறார். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, எனக்குச் சலுகை வேண்டாம். அவருக்கு வேண்டும்.

"நஷ்டத்தில் ஓட்டுகிறார்கள் சார்" என்பீர்கள். தெரியும். உங்கள் கட்டணத்தில் 43 சதவீதத்தை நாட்டின் சாதாரண மக்கள் சுமக்கிறார்கள் என்று 2016-லிருந்து டிக்கெட்டிலேயே அச்சடித்தார்கள். அந்தச் சாதாரண மக்களில் என் அக்காவும் ஒருத்திதானே! அவர் வாங்கும் தீப்பெட்டிக்கும் வரி உண்டு. உடான் திட்டத்தில் விமானக் கம்பெனிகளுக்கு நஷ்டத்தை ஈடுகட்டப் பணம் தருகிறார்கள். அந்த போர்டிங் பாஸில் இப்படி ஒரு வரி அச்சடித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாதம், ஏசிக்குத்தான் டிமாண்ட் என்பது. ஸ்லீப்பர் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஏசி பெட்டியை மாட்டினால், ஊருக்குப் போயே ஆகவேண்டியவன் கடன் வாங்கியாவது அதில் ஏறுவான். சத்துணவில் முட்டையை நிறுத்திவிட்டு, பையன்கள் முட்டை கேட்பதில்லை என்று ரிப்போர்ட் எழுதுவதுபோல இருக்கிறது இது.

2018-19-ல் நாடு முழுக்க ரயில் பயணங்கள் 840 கோடி. 2023-24-ல் 690 கோடி வாக்கில். பாதிக்கு மேல் புறநகர் மின்ரயில் கணக்கு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பழக்கமும் வந்துவிட்டது, அதனால் எல்லாப் பழியையும் ஸ்லீப்பர் மேல் போட மாட்டேன். ஆனால் ஜனத்தொகை கூடக் கூடப் பயணம் குறைந்திருக்கிறதே, அவர்கள் எங்கே போனார்கள்? தீபாவளிக்கு முந்தின நாள் கிளாம்பாக்கத்தில் போய் நின்று பாருங்கள். ஆம்னி பஸ் டிக்கெட் விலையையும் அப்படியே கேட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொரு நாள் சென்ட்ரலுக்குப் போங்கள். ஹவுரா, தன்பாத் பக்கம் போகும் வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டியைப் பாருங்கள். நம் மெட்ரோவையும் அடுக்குமாடிகளையும் கட்டிய பையன்கள் கழிப்பறை வாசலில் உட்கார்ந்து ஒன்றரை நாள், இரண்டு நாள் போகிறார்கள். இருபதுக்கு மேல் பெட்டிகள் உள்ள வண்டியில் அவர்களுக்கு மூன்றோ நான்கோ. மூன்றாம் வகுப்பின் அவலத்தைக் காந்தி 1917-லேயே எழுதினார். 1974-ல் மூன்றாம் வகுப்பை ஒழித்தார்கள், பலகையில் மட்டும்.

2023 டிசம்பரில் ஏசி இல்லாத அம்ரித் பாரத் விட்டார்கள். நல்ல காரியம், வரவேற்கிறேன். ஏசி இல்லாமல் போக ஆள் இருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரிதானே? பிறகு ஓடிக்கொண்டிருந்த வண்டிகளில் ஸ்லீப்பரை ஏன் குறைத்தீர்கள்?

வந்தே பாரத் ஓடட்டும். நானும் ஒருமுறை போனேன், சுகமாகத்தான் இருந்தது. நான் கேட்பது, ராத்திரி வண்டிகளில் எடுத்த ஸ்லீப்பர் பெட்டிகளைத் திரும்ப மாட்டுங்கள், பெரியவர்களுக்கு ஸ்லீப்பரிலாவது சலுகையைக் கொடுங்கள் என்பதுதான்.

அக்காவுக்குச் சனிக்கிழமை கிளம்ப வேண்டும். வெயிட்டிங் லிஸ்ட் 112. வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு தட்காலுக்கு மகனை உட்காரவைக்கிறேன், அதற்கும் தனிக் கட்டணம். கிடைத்ததா என்று கமெண்டில் சொல்கிறேன்.