குளியலறையில் 'சுர்' என்றால் சிரிக்கலாமா?



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு மின்சாரப் பாதுகாப்பைக் கற்பித்துக் கொண்டிருந்தேன். 'ஈரக் கையால் மின்விசையைத் தொடக்கூடாது' என்று வெண்பலகையில் எழுதினேன். எல்லாரும் ஒரே குரலில் வாசித்தனர். அப்போது ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், எங்கள் வீட்டில் குளிக்கும்போது குழாயைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும். அம்மா சிலிப்பர் போட்டுக்கொண்டு குளிக்கச் சொல்வார்" என்றாள். வகுப்பே சிரித்தது. என்னால் சிரிக்க இயலவில்லை.

அன்று மாலையே அவள் தாயாரை அழைத்துப் பேசினேன். "பழைய வீடு டீச்சர், ரொம்ப நாளாவே அப்படித்தான்" என்றார். சுடுநீர்க் கருவியின் மின் இணைப்பைப் பெட்டியிலேயே அடைத்துவிடுமாறும், உரிமம் பெற்ற வயர்மேனை உடனே அழைக்குமாறும் வேண்டிக்கொண்டேன். மறுநாள் வந்தவர் இரண்டு குறைகளைக் கண்டார். கருவியின் எர்த் கம்பி எதனோடும் இணைக்கப்படவில்லை. இடி இடிக்கும் போதெல்லாம் விழுகிறது என்று, இஎல்சிபி எனும் மின்கசிவுத் துண்டிப்பானை எவரோ தவிர்த்து நேர் இணைப்புக் கொடுத்திருந்தார். அக்குடும்பத்திற்கும் ஆபத்துக்கும் இடையே இருந்தது ஒரு சிலிப்பர் மட்டுமே!

"அதுதான் பெட்டியில் எம்சிபி இருக்கிறதே" எனப் பலர் எண்ணுகிறோம். சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 3.6 கிலோவாட் சுடுநீர்க் கருவி ஏறத்தாழ 16 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே அதற்கு 20 ஆம்பியர் எம்சிபி பொருத்துவர். அது கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பது, மனிதரைக் காப்பதற்கன்று. உடலினூடே 30 மில்லியாம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் பாய்ந்தாலே இதயத்திற்கு ஆபத்து நேரலாம். இருபது ஆம்பியர் என்பது அதைப்போல் அறுநூறு மடங்குக்கும் மேல். எம்சிபி அசையாமலேயே ஓர் உயிர் போய்விடக்கூடும்.

எர்த் கம்பி மட்டும் போதுமா? நம் வீடுகளில் பொதுவாக அது வீட்டருகே மண்ணில் அடித்த செப்புக் கோலில் முடிகிறது. அதன் மின்தடை 10 ஓம் என்று கொண்டால், கசிவு மின்னோட்டம் 23 ஆம்பியரைத் தாண்டாது. அதற்கு 20 ஆம்பியர் எம்சிபி உடனே விழாது. ஆகவேதான் இஎல்சிபி இன்றியமையாதது. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. வேறுபாடு தென்பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கிறது. 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குவிதிகள் ஈரமான இடங்களுக்கு 10 மில்லியாம்பியர், கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30, ஏனையவற்றுக்கு 100 என வரம்பு வகுத்துள்ளன.

இன்னொன்றும் உண்டு. ஒரே மின்கம்பியில் அமர்ந்த காகத்திற்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் இரு கால்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இல்லை. குளியலறையின் உலோகக் குழாய்களையும் கருவியின் எர்த்தையும் ஒன்றாகப் பிணைப்பதும் இதே தத்துவந்தான். ஒரே நேரத்தில் நாம் தொடும் இரு பொருள்களுக்கிடையே வேறுபாடு எழாமல் அது தடுக்கிறது. பழைய வீடுகளில் இரும்புக் குழாயையே எர்த்தாக நம்பியிருப்பார்கள். பின்னர் வீட்டைப் புதுப்பிக்கையில் இடையில் பிளாஸ்டிக் குழாய் புகுந்துவிடும். தண்ணீர் வரும், பாதுகாப்பு போய்விடும். யாருக்கும் தெரியாது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். நான் எழுதிப்போட்ட விதி தவறன்று, ஆனால் அரைகுறையானது. குளியலறை என்பது நனைவதற்காகவே செல்லும் இடம். அங்கே 'ஈரக் கையால் தொடாதே' என்பது எங்ஙனம் காக்கும்? மாணவர் விதியை மனனம் செய்து மதிப்பெண் பெறுகின்றனர். வீட்டில் சிலிப்பர் அணிந்து குளிக்கின்றனர். அச்சத்தைக் கற்பித்தோமே தவிர, காப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கற்பித்தோமா?

"இது வயர்மேன் வேலை, ஆசிரியர் வேலையா?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். பெட்டியைத் திறந்து பழுதுபார்ப்பது வயர்மேன் வேலைதான். ஆனால் இஎல்சிபியில் 'டெஸ்ட்' என்று ஒரு சிறு பொத்தான் உள்ளதே, அது வீட்டுக்காரர் அழுத்துவதற்காகவே வைக்கப்பட்டது. மாதம் ஒருமுறை பெற்றோர் அழுத்தட்டும்; பிள்ளை அருகில் நின்று நாளைக் குறித்து வைக்கட்டும். இதைவிடச் சிறந்த அறிவியல் வீட்டுப்பாடம் எனக்குத் தெரியவில்லை. அழுத்தியதும் மின்சாரம் துண்டிக்கப்படவேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் கருவி பழுது. துண்டிக்கப்பட்டாலும், எர்த் கம்பி நன்றாக இருக்கிறது என்று அதனால் சொல்லிவிட இயலாது. அதனை வயர்மேன்தான் அளந்து பார்க்கவேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்றிரவு என் வீட்டுப் பொத்தானை அழுத்தினேன். விளக்குகள் அப்படியே எரிந்தன. குடிவந்து பன்னிரண்டு ஆண்டுகள், அதுவே முதன்முறை. எத்தனை ஆண்டுகளாக அது பயனற்றுக் கிடந்ததோ! என் பிள்ளைகள் நாள்தோறும் அங்கேதான் குளித்தார்கள். மறுநாளே மாற்றினேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் தேர்ச்சி நிலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்குவோம். அதற்கு முன், கணினியை அடைத்துவிட்டு, இன்றே உங்கள் வீட்டுப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். குளியலறையில் 'சுர்' என்று ஒரு பிள்ளை சொன்னால், தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை