சீழையும் எண்ணுவோம்

பிலிப்பீன்ஸ் அரசு 2006-இல் நடத்திய தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக் குழந்தைகளில் 97 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது. சராசரியாக ஒரு குழந்தைக்கு எட்டுப் பற்களுக்கு மேல் பாதிப்பு. இதைப் படித்து நம்மில் யாரும் திடுக்கிடப் போவதில்லை. வளரும் நாடுகளின் பால் பற்களைப் பற்றி இப்படிப்பட்ட எண்களைப் படித்துப் படித்து நமக்கு மரத்துப்போய்விட்டது. மனத்தை உலுக்க வேண்டியது அதே கணக்கெடுப்பின் இன்னோர் எண்: அந்தக் குழந்தைகளில் 85 விழுக்காட்டினருக்குச் சொத்தை பல்கூழ்வரை போய், தொற்றாகவே மாறியிருந்தது.

அதை எண்ண உதவியது பூஃபா குறியீடு. பெல்லா மோன்சேயும் அவருடைய குழுவினரும் 2010-இல் அதை ஆய்விதழில் விளக்கி வெளியிட்டார்கள். டி.எம்.எஃப்.டி. கணக்கில் டென்டினைத் தொட்ட சிறு குழியும் ஒன்றுதான், வேர்க்கட்டை மட்டும் மிஞ்சிய கடைவாய்ப் பல்லும் ஒன்றுதான். பூஃபா அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. திறந்து கிடக்கும் பல்கூழ், உடைந்த பல்முனை குத்தி வந்த புண், ஈறில் சீழ்த்துளை, சீழ்க்கட்டி ஆகிய நான்கை மட்டும் பார்க்கிறோம். புரோப் வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். நல்ல வெளிச்சமும் பார்க்கத் தெரிந்த கண்ணும் போதும்.

பள்ளி முகாம்களில் நாம் தவறவிடுவது பெரும்பாலும் இந்தக் குழந்தைகளைத்தான். கீழ்க் கடைவாய்ப் பால் பல்லை ஒட்டி ஈறில் கடுகளவு ஒரு துளை. சீழ் வடிந்துகொண்டிருப்பதால் பெரிய வலி இல்லை, அதனால் குழந்தை அழுவதும் இல்லை. ஒரு பக்கமாகவே மென்று, கடினமானதை ஒதுக்கிவிட்டு, ஊறியதை மட்டும் விழுங்கப் பழகியிருக்கும். ‘விழுந்து முளைக்கிற பல்தானே’ என்று வீட்டில் விட்டிருப்பார்கள். அதற்கடியில் வளரும் நிலைப்பல்லின் எனாமல் இதற்குள் கெட்டிருக்கலாம். பிலிப்பீன்ஸில் பன்னிரண்டு வயதினரிடம் செய்த ஆய்வில், இத்தகைய தொற்றுள்ளவர்களிடையே உடல் நிறைக் குறியீடு குறைந்திருப்பது கூடுதலாகக் காணப்பட்டது. எடை குறைந்த சிறு குழந்தைகளிடம் தொற்றுள்ள பால் பற்களைப் பிடுங்கிப் பார்த்த ஆய்வில் அந்தக் குறியீடு உயர்ந்தது. உயரத்தில் அப்படியொரு பலன் தெரியவில்லை. இவ்வளவு தெரிந்த பிறகும் இதை வாய்க்குள் அடங்கிய விவகாரமாக எழுதிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்நாட்டின் ‘ஃபிட் ஃபார் ஸ்கூல்’ திட்டத்தை நடத்தியது கல்வித்துறை. தினமும் சோப்புப் போட்டுக் கைகழுவுதல், ஃபுளோரைடு பேஸ்டால் பல் துலக்குதல், ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரை, அவ்வளவுதான் திட்டம். துளையிட்ட குழாயின் முன் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், ஆசிரியர் மேற்பார்ப்பார். தினசரி வேலையில் பல் மருத்துவருக்கு இடமே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நம் ஊரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கி நடக்கிறது. சாப்பிட்டுக் கைகழுவப் போகும் அதே வரிசையில் பிரஷும் சேரலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குடிநீரிலேயே ஃபுளோரைடு மிகுதி என்பதால் அங்கே முதலில் நீரைச் சோதிக்க வேண்டும். மற்ற இடங்களில் ஆயிரம் பி.பி.எம். பேஸ்ட், மூன்று வயதுக்குள் அரிசியளவு, அதற்கு மேல் பட்டாணியளவு, துலக்கியபின் துப்ப வைத்தல் என்பதே போதும். ஃபுளோரைடே இல்லாத ஸ்ட்ராபெர்ரி பேஸ்டைச் சிபாரிசு செய்வதை நாம் நிறுத்தியாக வேண்டும்.

எஸ்.டி.எஃப். பற்றி ஓர் எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஃபுளோரைடு பேஸ்ட், கிளாஸ் அயனோமர் இரண்டோடு அதையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து, ஒரு சொட்டில் எல்லாம் முடிந்துவிடும் என்ற பேச்சு கூடியிருக்கிறது. பால் பல் சொத்தையை நிறுத்த அது அருமையான மருந்து. கறுப்பாகும் என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடவலாம். ஆனால் பிலிப்பீன்ஸ் பள்ளிகளில் முதல் நிலைக் கடைவாய்ப் பற்களில் அதை ஒரே ஒருமுறை தடவிப் பார்த்தபோது, புதிய சொத்தையை அது தடுக்கவில்லை, ஏ.ஆர்.டி. முறை சீலன்ட் தடுத்தது. சீழ்த்துளை உள்ள பல்லுக்கோ எஸ்.டி.எஃப். மருந்தே அல்ல. அதைப் பிடுங்க வேண்டும், அல்லது பல்பெக்டமி செய்ய வேண்டும். ஒரு பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்குத் தடவினால் போதும், எத்தனை பேருக்கு அன்றே ஊசி போட்டுப் பல்லை எடுக்க வேண்டும் என்பது டி.எம்.எஃப்.டி. சராசரியிலிருந்து ஒருநாளும் தெரியாது.

சீழ் வைத்த பல்லோடு வந்த பிள்ளையின் கையில் ரெஃபரல் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ‘500 பேர் பரிசோதனை’ என்று பேனர் முன் படம் எடுத்துக்கொள்ளும் முகாம் யாருக்கும் உதவாது. அந்தச் சீட்டோடு கல்லூரி மருத்துவமனைக்கு வர அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும். அதனால் பலர் வருவதே இல்லை.

அடுத்த இதழ் முதல், பள்ளி முகாம் அறிக்கைகளில் பூஃபா எண்ணிக்கை தனியாக இருக்க வேண்டும். தொற்றுள்ள பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஒரு மாதத்துக்குள் சிகிச்சை முடிந்தது என்ற எண்ணும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத அறிக்கைகளை எழுதியவர்களுக்கே திருப்பி அனுப்புவோம்.