பள்ளிக்கூட பஸ்ஸும் பாலர் உயிரும்

2022-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ந் தேதி, ஜப்பான் தேசத்தில் மகினொஹாரா என்னும் ஊரில், 3 வயதுப் பெண் குழந்தை ஒன்று பாலர் பள்ளிக்குப் பஸ்ஸில் புறப்பட்டது. பள்ளி வாசலில் மற்றக் குழந்தைகள் இறங்கினர், இக்குழந்தை இறங்கவில்லை. அதைக் கவனியாமல் வண்டியைப் பூட்டிவிட்டார்கள். சுமார் 5 மணி நேரம் கழித்து, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதற்காக வண்டியைத் திறந்தபோது, குழந்தை வெப்பத்தால் நினைவற்றுக் கிடந்தது, பிறகு பிழைக்கவில்லை. அது கொண்டு வந்த தண்ணீர்ப் புட்டி காலியாயிருந்தது. அதற்கு ஆறாம் நாள், 11-ந் தேதி, கத்தார் தேசத்தில், கேரளத்திலிருந்து பிழைக்கச் சென்ற பெற்றோரின் 4 வயதுக் குழந்தை, பள்ளி பஸ்ஸில் உறங்கிப்போனதை ஒருவரும் பாராததால், அவ்விதமே மாண்டது.

இவ்விரண்டு மரணங்களிலும் வண்டி எதிலும் மோதவில்லை, குடை சாயவில்லை, எவரும் மது அருந்தியிருந்ததாகவோ, வெறி கொண்டு ஓட்டியதாகவோ பேச்சில்லை. வண்டியை விட்டு இறங்கு முன் ஒருவர் பின்புறம் திரும்பி, கடைசி ஆசனம் வரை நடந்து பார்க்கவில்லை. குற்றம் அவ்வளவே. ஆனால் அவ்வளவுக்குப் பலன் ஒரு குழந்தையின் உயிர்.

வெயிலில் நிற்கும் மூடிய மோட்டார் வண்டிக்குள் பத்தே நிமிஷத்தில் சுமார் 11 டிகிரி உஷ்ணம் ஏறக்கூடும். பெரியவர்களின் தேகத்தைக் காட்டிலும் குழந்தையின் தேகம் மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். நம்முடைய பள்ளிக்கூடங்கள் திறக்கும் ஜூன் மாதத் தொடக்கத்தில், சென்னையில் நிழலிலேயே 40 டிகிரி காய்வது அபூர்வமல்ல. அத்தகைய ஒரு காலை வேளையில், பூட்டிய வண்டிக்குள் எழுந்து உட்கார்ந்து, கதவைத் திறக்கத் தெரியாமல், கூப்பிட்ட குரலுக்கு ஆளில்லாமல் தவிக்கும் ஒரு பாலனை வாசகர்கள் மனத்தில் நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். ஜப்பானுக்கும் கத்தாருக்கும் உரிய துயரம் என்று இதை நாம் ஒதுக்கிவிட முடியுமா?

பள்ளிக்கூட பஸ்கள் விஷயத்தில் நமது தேசத்தின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை வெட்கத்தைத் தருகிறது. 1997-ம் வருஷம் நவம்பரில் டில்லியில் வாஜிராபாத் பாலத்திலிருந்து ஒரு பள்ளி பஸ் யமுனையில் வீழ்ந்து 28 குழந்தைகள் மாண்டார்கள். அதன் பிறகே, பள்ளி பஸ்ஸை ஓட்டுகிறவருக்கு 5 வருஷ அனுபவமாவது வேண்டும், வேகத்துக்கு வரம்பு வேண்டும், குழந்தைகளுடன் தகுந்த ஒருவர் துணைக்கு வரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2012-ம் வருஷம் ஜூலையில் சென்னையை அடுத்த தாம்பரத்தில், தகுதிச் சான்று பெற்றிருந்த ஒரு பள்ளி பஸ்ஸின் அடித்தளத்தில் இருந்த ஓட்டை வழியாக, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வீழ்ந்து சக்கரத்தில் அகப்பட்டு இறந்தாள். ஹைக்கோர்ட் தானாகவே அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வருஷமே பள்ளி பஸ்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் பிறந்தன. 2022-ம் வருஷம் மார்ச்சில் சென்னையில் ஒரு பள்ளியின் வளாகத்திற்குள்ளேயே இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பள்ளி வாகனத்தின் கீழ் அகப்பட்டு மாண்டான். அதற்குப் பின்னரே வண்டிகளின் முன்னும் பின்னும் காமிராக்களும், பின்னால் ஆள் நிற்பதை அறிவிக்கும் கருவியும் வேண்டுமென விதி திருத்தப்பட்டது.

இவ்விதிகள் யாவும் நல்லவையே. அவற்றை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒவ்வொரு விதிக்கும் முன்னால் ஒரு சிறிய சிதை எரிந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது. அன்னியர் ஆட்சியிலிருந்த காலத்தில், நம் மக்களின் உயிரை எவர் மதிக்கிறார் என்று கேட்டோம். அக்கேள்வி அன்று நியாயமாயிருந்தது. இன்று ஆளுகிறவர்களும் நாமே, விதி செய்கிறவர்களும் நாமே. பலி விழுந்த பிறகே கண் திறப்பது சுதந்திர ஜனங்களுக்கு அழகாகுமா? இந்த ஒரு விஷயத்திலாவது, இன்னொரு குழந்தையைக் கொடுக்காமல் நாம் பாடம் கற்றுக்கொள்ளலாகாதா?

"பஸ்ஸில் உதவியாளர் இருக்க வேண்டுமென்றுதான் விதி சொல்லுகிறதே, இன்னும் என்ன வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். மகினொஹாராவிலும் உதவியாளர் ஒருவர் இருந்தார் என்பதே நமது பதில். அன்று வழக்கமான டிரைவர் வராததால் பள்ளியின் தலைவரே வண்டியை ஓட்டினார். அவரும் பார்க்கவில்லை, உதவியாளரும் பார்க்கவில்லை. வருகைப் பதிவில் குழந்தை வந்துவிட்டதாகக் குறிக்கப்பட்டிருந்தது. வகுப்பில் குழந்தையைக் காணாத உபாத்தியாயினி வீட்டாரை விசாரிக்கவில்லை. நால்வர் பொறுப்பு என்பது ஒருவர் பொறுப்புமல்ல என்பதாக முடிந்தது.

கோடை விடுமுறையில் போக்குவரத்து அதிகாரிகள் பள்ளி பஸ்களை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். அவசர வழி திறக்கிறதா, தீயணைக்கும் கருவி இருக்கிறதா, படிக்கட்டு உறுதியா, அடித்தளம் பழுதில்லாததா என்று பார்க்கிறார்கள். இது அவசியமே. ஆனால் தினந்தோறும் காலையிலும் மாலையிலும் வண்டி நின்ற பிறகு ஒருவர் கடைசி ஆசனம் வரை நடந்தாரா என்பதை எந்த அதிகாரி வந்து பார்க்க முடியும்? வெளியே நோக்கும் காமிராவுக்கு உள்ளே ஆசனத்தின் அடியில் சுருண்டு உறங்கும் குழந்தை தெரியாது.

ஆகையால் நாம் மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். முதலாவது, எண்ணிக்கை: ஏறும்போது எண்ணிய தலைகளை இறங்கும்போதும் எண்ணி, உதவியாளர் கையெழுத்திட்டுப் பள்ளியில் ஒப்புவிக்க வேண்டும். இரண்டாவது, விசாரணை: முன்னறிவிப்பின்றி வராத குழந்தையின் வீட்டுக்கு, முதல் பாடம் முடியுமுன் பள்ளியிலிருந்து டெலிபோனில் கேட்க வேண்டும். இவ்விரண்டிற்கும் ஒரு காசு செலவில்லை. மூன்றாவது, மணி. ஜப்பானியர் 2023 ஏப்ரல் முதல் பாலர் பள்ளி பஸ்களில் ஒரு கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். எஞ்சினை நிறுத்தியதும் மணி ஒலிக்கத் தொடங்கும்; ஒருவர் வண்டியின் பின்கோடி வரை நடந்து சென்று அங்குள்ள பொத்தானை அழுத்தினாலொழிய அது ஓயாது. மனிதன் மறப்பான் என்பதை ஒப்புக்கொண்டு, மறதிக்கு இடமில்லாமற் செய்த எளிய யுக்தி இது. இதற்கு அந்நாட்டு சர்க்கார் பண உதவியும் செய்தனர். தமிழ்நாட்டு சர்க்காரும் 2012-ம் வருஷத்து விதிகளில் இதனைச் சேர்க்க வேண்டும்; சிறிய பள்ளிகளுக்குக் கை கொடுக்கவும் வேண்டும்.

இன்னுமொன்று சொல்லாமல் விட முடியாது. விபத்து நேர்ந்தவுடன் டிரைவரையும் ஆயாவையும் பிடித்துச் சிறையிலடைத்து விடுவதோடு நியாயம் முடிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். தவறு செய்தவர் தண்டனைக்குரியவரே. ஆனால் விடியுமுன் எழுந்து, ஒரு நடை முடிந்த கையோடு அடுத்த நடைக்கு விரட்டப்பட்டு, சொற்ப சம்பளத்தில் உழைக்கும் சிப்பந்திகளுக்கு, வண்டியைச் சுற்றிப் பார்க்க இரண்டு நிமிஷ அவகாசம் கொடாத நிர்வாகிகளுக்குப் பொறுப்பில்லையா? நம் செல்வங்களை எவர் கையில் ஒப்புவிக்கிறோமோ அவருக்குத் தக்க ஊதியமும், பயிற்சியும், மரியாதையும் தருவது தர்மம் மாத்திரமல்ல, நம் குழந்தைகளுக்குக் காப்புமாகும்.

சர்க்கார் விதி செய்யும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பொதுஜன ஊழியத்தில் ஈடுபட்ட நண்பர்கள் தத்தம் ஊரில் உள்ள பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகங்களில் இவ்விஷயத்தைக் கிளப்பட்டும். பெரிய கூட்டமும் வேண்டாம், ஊர்வலமும் வேண்டாம். நாளைக் காலை பள்ளி வாசலில் நின்று, "வண்டியின் கடைசி ஆசனம் வரை இன்று நடந்து பார்த்தவர் யார்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அதற்கு ஒருவர் பெயர் பதிலாக வருமானால் அப்பள்ளியின் குழந்தைகள் பத்திரமாக இருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்களானால், வேலை அங்கேதான் தொடங்க வேண்டும்.