பழம்புடவைப் போர்வை

ஹிராக் குகையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் நெஞ்சம் நடுங்கியவாறு இல்லம் திரும்பிய அந்த நாளைப் பற்றி நாம் மீலாது மேடைகளிலும் மக்தப் வகுப்புகளிலும் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். வஹீ இறங்கிய விதத்தை விளக்குவோம். முதல் வசனங்களின் சிறப்பை விளக்குவோம். வரக்கா இப்னு நவ்ஃபல் கூறியதை விளக்குவோம். இடையில் நடந்த ஒன்றை மட்டும் விரைந்து கடந்துவிடுகிறோம். தம்மைப் போர்த்துமாறு அண்ணலார் கேட்டார்கள். நடுக்கம் தணியும்வரை இல்லத்தார் அவர்களைப் போர்த்தி வைத்திருந்தார்கள். என்ன நடந்தது என்ற விவரம் அதற்குப் பிறகே பேசப்பட்டது. அதன் பின்னரே அன்னை கதீஜா (ரலி) அவர்கள், உறவைப் பேணுபவரையும் எளியவரின் சுமையைச் சுமப்பவரையும் விருந்தினரை உபசரிப்பவரையும் அல்லாஹ் கைவிட மாட்டான் என்று ஆறுதல் மொழிந்தார்கள். அதற்கும் பின்னரே விவரம் அறிந்த ஒருவரிடம் அழைத்துச் சென்றார்கள். முதலில் போர்வை, பிறகு சொல், அதன் பிறகு அறிவுரை.

குர்ஆனின் 73ஆம் அத்தியாயமும் 74ஆம் அத்தியாயமும் போர்த்தியிருப்பவர் என்ற பொருள்படும் விளிப்பெயர்களையே தம் பெயர்களாகக் கொண்டிருக்கின்றன. ஒரு மனிதர் அச்சத்தில் போர்த்திக்கொண்டது குறையாகக் கருதப்படவில்லை. அதுவே அன்பான அழைப்பாகிவிட்டது.

நமது மஹல்லாக்களில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது என்பதே நமது கவலை. ஒரு வீட்டில் நோய் என்றால், மவ்த் என்றால், பெண்பிள்ளை தலாக்குடன் திரும்பி வந்தாள் என்றால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அறிவுரையைத் தொடங்கிவிடுகிறோம். ஸப்ர் செய்யுங்கள், அல்லாஹ் சோதிக்கிறான், இன்ன ஸூராவை இத்தனை முறை ஓதுங்கள். இவை அனைத்தும் சரியான சொற்களே. ஆனால் நடுங்கிக்கொண்டிருப்பவரின் காதில் அவை விழுவதில்லை. மத்ரஸா ஆசிரியர்களாகிய நாங்கள் இந்தத் தவற்றில் மற்றவர்களுக்கு முன்னே நிற்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பேசுவதே எங்கள் தொழிலாகிவிட்டது.

காஞ்சிபுரத்தில் வாழ்வோருக்குக் காரப்பேட்டையைத் தெரியாமல் இருக்காது. 1969ஆம் ஆண்டு புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணா பிறந்த ஊர் இது. அவர் பெயரைத் தாங்கிய அரசுப் புற்றுநோய் மருத்துவமனை காரப்பேட்டையில் இருக்கிறது. நோயாளிகளும் உடன் வந்தோரும் துணிப்பையும் தூக்குவாளியுமாகப் பேருந்திலிருந்து இறங்குவதை நாம் அன்றாடம் காண்கிறோம். எமது மத்ரஸாவில் ஓதும் ஒரு மாணவியின் தாயாரும் சில ஆண்டுகளுக்கு முன்பு இந்நோய்க்கு ஆளானார். சித்திரை வெயிலிலும் மருந்து ஏறிய நாட்களில் அவருக்குக் குளிரெடுக்கும். நாம் பார்க்கச் சென்றபோது பழமும் துஆவும் கொண்டு சென்றோம். அதே தெருவில் வசிக்கும் ஒரு மூதாட்டி, பிள்ளைகள் எல்லாரும் நன்னி என்றழைக்கும் ஒருவர், ஒரு போர்வையைக் கொண்டு வந்திருந்தார். நான்கு பழைய பருத்திப் புடவைகளை அடுக்கி, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு முடித்த போர்வை. அதில் ஒரு புடவை நோயாளியின் மறைந்த தாயாருடையது. அதைப் போர்த்திக்கொண்ட அந்தப் பெண்மணி, அதன் ஓரத்தை முகத்தருகே இழுத்து முகர்ந்து பார்த்தார். நன்னி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாம் தயாரித்து வைத்திருந்த ஹதீஸை அன்று சொல்லாமலே திரும்பினோம்.

இந்தப் போர்வை ஒன்றும் புதிய பொருளன்று. தூளிக்கும் பச்சிளங்குழந்தைக்கும் வீட்டுப் பெரியவளின் நைந்த புடவையைத் தேடி எடுக்கும் வழக்கம் நமது எல்லா வீடுகளிலும் உண்டு. வங்காளத்தில் இதனைக் காந்தா என்பர். அங்குள்ள முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பழைய சேலைகளில் பூவும் கொடியும் தைத்து வருகின்றனர். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்ட்கோடு வட்டாரங்களில், ஆப்பிரிக்க வழிவந்த சித்திகள் என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. அம்மூவரின் பெண்களும் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூப்போல் வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பூலா என்று பெயர். பூலா இல்லாத கவந்தி ஆடையற்ற உடலைப் போன்றது என்பது அவர்களுடைய எண்ணம். ஏழை வீட்டின் கந்தலுக்கு எத்தகைய மானத்தை வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கே எமது தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியபோது, நாங்களும் துணி சேகரித்தோம். இரண்டே நாளில் மத்ரஸாக் கூடம் நிரம்பிவிட்டது. பிரித்துப் பார்க்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டு அப்படியே வண்டியில் ஏற்றினோம். இறக்கிய இடத்தில் மூட்டைகள் அவிழ்ந்தபோது, பித்தான் இல்லாத சட்டைகளும், ஜரிகை கிழிந்த நிக்காஹ் உடைகளும், துவைக்காத பாவாடைகளும் வெளியே வந்தன. அவர்கள் எதையும் சொல்லவில்லை. மறுநாள் அவற்றில் பாதி தெருவோரச் சேற்றில் கிடந்ததை நாம் கண்டோம். கண்ணை மூடிக்கொண்டாலன்றி நீங்களே வாங்கிக்கொள்ளாத பொருளைத் தானமாகக் கொடுக்க நாடாதீர்கள் என்னும் கருத்துடைய அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனத்தை, அந்த வாரம்தான் மாணவர்களுக்கு நடத்தியிருந்தோம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை ஊர்களில் நிவாரணத் துணிகள் மலைமலையாகக் குவிந்து, எவருக்கும் பயன்படாமல் கிடந்தன. அவற்றைச் சேகரித்துத் தரம் பிரித்துப் பயனுள்ளவையாக்கும் வேலையில் ஈடுபட்டது கூஞ்ச் என்னும் அமைப்பு. 1999இல் அதனைத் தொடங்கிய அன்ஷு குப்தா, தம்மை இப்பணிக்குத் தூண்டியதாக ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுவார். கேட்பாரற்ற பிணங்களை எடுத்துச் செல்வதைத் தொழிலாகக் கொண்டிருந்த முஸ்லிம் ஒருவரை அவர் டெல்லியில் சந்தித்தார். குளிர்காலத்தில் அம்மனிதருக்கு வேலை மிகுந்துவிடும். இரவில் குளிர் தாங்காதபோது பிணத்தை அணைத்துக்கொண்டு உறங்குவதாக அவருடைய சிறுமகள் சொன்னாளாம். குளிர் கொன்றது என்கிறோம், கொன்றது துணியின்மை. நாமோ அலமாரியில் இடமில்லை என்பதற்காகத் துணியைக் கழித்துவிட்டு, அதனை ஸதகா என்று எழுதிக்கொள்கிறோம்.

கழித்துக் கொடுப்பதற்கும் தைத்துக் கொடுப்பதற்கும் உள்ள தொலைவு அந்த நான்கு புடவைகளில் தெரிகிறது. தைப்பவர் முதலில் துணியைத் துவைக்க வேண்டும். நைந்த பகுதியை வெட்டி நீக்க வேண்டும். யாருக்காகத் தைக்கிறோம், அவருடைய உயரம் என்ன, அவருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டறிய வேண்டும். பல நாட்கள் மாலையில் அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையே அந்த ஒருவரை நினைத்தவாறே ஊசி கோக்க வேண்டும். அந்நேரத்தில் ஓதும் துஆவுக்கு வேறு கனம் உண்டு என்று நம்புகிறோம்.

கடையில் முந்நூறு ரூபாய்க்கு நல்ல போர்வை கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று ஒரு சகோதரர் கேட்டார். ஊரே நனைந்து நிற்கும்போது நூறு பேருக்குக் கடைப் போர்வைதான் சரி. அதனை நாம் மறுக்கவில்லை. தைத்த போர்வை ஒருவருக்காக. தன்னை எவரோ இத்தனை மாலைகள் நினைத்திருந்தார் என்பதைக் கடைப் போர்வை சொல்லாது. பெண்கள் கூடித் தைத்தால் புறம் பேசுவார்கள் என்றார் இன்னொருவர். ஆண்கள் கூடித் தேநீர் குடிக்கும் இடங்களில் என்ன ஓதப்படுகிறது என்று அவரிடம் கேட்கத் தோன்றியது; கேட்கவில்லை. தைப்பது பெண்களுக்கு மட்டும் உரியது என்று எவரும் எண்ணவும் வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மக்தபுக்கு வரும் ஆண்பிள்ளைகளுக்கும் ஊசி பிடிக்கக் கற்பிக்கலாம்.

பட்டு நகரில் இருந்துகொண்டு இதனை எழுதுவதால் ஒரு கேள்வி தவறாமல் வரும். தறி வீடுகளிலும் கடைகளிலும் பட்டுத் துண்டுகள் கிடைக்கின்றன, பெட்டியில் மடித்த இடத்தில் இற்றுப்போன நிக்காஹ் பட்டுகள் நம் வீடுகளிலும் கிடக்கின்றன, அவற்றைச் சேர்க்கலாமா? ஆண்களுக்குப் பட்டு உடுத்தத் தடை என்பது அனைவரும் அறிந்ததே. விரிப்பாகவும் தலையணையாகவும் பயன்படுத்துவதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அனுமதித்தார்கள். அவர்களுடைய மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) அதையும் விரும்பவில்லை. போர்த்துவதோ உடுத்துவதன் ஒரு வகை என்பதால் ஹனஃபீ அறிஞர்களும் பட்டுப் போர்வையை ஆண்களுக்குத் தவிர்க்கச் சொல்கின்றனர். ஷாஃபிஈ மத்ஹபில் ஆண்களுக்கு இரண்டுமே கூடாது. நான்கு விரல் அகலம் வரையிலான ஓரத்துக்கு ஹதீஸில் இடமுண்டு. அதனினும் நம்மைக் கவர்வது வேறொரு செய்தி. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) இருவரும் உடல் அரிப்பால் துன்புற்றபோது, பட்டாடை அணிய அவர்களுக்கு அண்ணலார் அனுமதி அளித்தார்கள். உடல் படும் துன்பத்தின்முன் சட்டம் சற்றுத் தளர்ந்து இடங்கொடுத்தது.

ஆகவே ஆணுக்கான போர்வையில் பட்டு வேண்டாம், பேணுதல் அதுவே. பெண்ணுக்கானதில் சேர்க்கலாம். ஆனால் ஜரிகை நோயாளியின் தோலைக் கீறும். பட்டை வெந்நீரில் அலச முடியாது. மார்க்கம் தடுக்காத இடத்திலும் அறிவு பருத்தியையே சொல்கிறது. பட்டு நெய்யும் கைகளும் வீட்டில் பருத்தியைத்தானே உடுத்துகின்றன.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்போருக்குத் தொற்று எளிதில் பற்றும் என்பதையும் மறக்கலாகாது. வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, சுத்தமான பையில் கட்டி, மருத்துவரையோ செவிலியரையோ கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். பஞ்சு அடைக்க வேண்டாம். நமது ஊர் வெப்பத்துக்கு மூன்று நான்கு அடுக்குத் துணி போதும். கொடுக்கும்போது படம் எடுத்துப் பகிரவே வேண்டாம்.

அகழ்ப்போரின் கடுங்குளிர் இரவொன்றில் எதிரிகளின் செய்தி அறிந்து திரும்பிய ஹுதைஃபா (ரலி) குளிரில் நடுங்கியபோது, நபி (ஸல்) அவர்கள் தாம் அணிந்து தொழுத போர்வையின் மீதப் பகுதியால் அவரைப் போர்த்தினார்கள். விடியும்வரை அவர் உறங்கினார். முஸ்லிம் தொகுப்பில் இடம்பெற்ற இந்தச் செய்தியை நன்னிக்கு எடுத்துச் சொன்னபோது, அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு ஊசியில் நூலைக் கோத்தார்.

அந்த மாணவியின் தாயார் அவ்வாண்டு ஷஃபான் மாதத்தில் அல்லாஹ்விடம் சென்றுவிட்டார். நாற்பது நாட்களுக்குப் பிறகு அவருடைய கணவர் போர்வையைத் துவைத்து மடித்து எடுத்து வந்து, அதே வார்டில் இன்னொரு பெண்மணி குளிரால் அவதிப்படுவதாகக் கூறினார். நன்னி அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, மறைந்தவரின் தாயார் புடவை இருந்த மூலையை மட்டும் கத்தரித்து மாணவியிடம் கொடுத்தார். வெட்டிய மூலைக்குத் தம் முந்தானையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து ஒட்டுப் போட்டு, வெந்நீரில் அலசி, மறுநாள் காரப்பேட்டைக்கு அனுப்பி வைத்தார்.