படம் பார்க்கும் நிருபர் எங்கே?

நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளின் சினிமாப் பக்கத்தை விரித்துப் பார்ப்போருக்கு ஓர் உண்மை உடனே புலப்படும். கோடம்பாக்கத்து நடிகர் எந்தப் படத்துக்கு எத்தனை நாள் கொடுத்தார் என்பது அங்கே ஐயந்திரிபற அச்சாகியிருக்கும். கிளிநொச்சியிலோ பருத்தித்துறையிலோ ஓர் இளைஞர் கடன்பட்டு ஒரு படத்தை எடுத்து முடித்தார் என்பதோ ஒரு மூலையில், அவர் தாமே எழுதிக் கொடுத்த சொற்களில், வாழ்த்துச் செய்தியாக வந்திருக்கும். படம் எப்படி இருந்தது என்று ஒரு வரியும் இராது. எழுத வேண்டிய நிருபர் படத்தைப் பார்த்திருந்தாலன்றோ எழுதுவதற்கு? இக்குற்றத்தில் எமது பத்திரிகைக்கும் பங்குண்டென்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

காணியும் மொழியும் பற்றிப் பேச வேண்டிய அரசியல் வாரப் பத்திரிகைக்குச் சினிமா ஒரு பொருளா என்று கேட்கும் அன்பர்கள் உளர். அவர்களுக்குப் பழைய வரலாற்றையே விடையாகச் சொல்வோம். இலங்கையின் முதல் தமிழ்த் திரைப்படமான 'சமுதாயம்' 1962இல் 16 மில்லிமீற்றர் படச்சுருளில் வந்தது. அதை நெறியாண்டவர் ஹென்றி சந்திரவன்ச என்னும் சிங்களவர். அடுத்த ஆண்டு 'தோட்டக்காரி' வந்தது. 1972இல் கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா 'குத்துவிளக்கு' என்னும் படத்தைத் தயாரித்து யாழ்ப்பாணத்துக் கமக்காரக் குடும்பமொன்றைத் திரையில் ஏற்றினார். 1977இல் காவலூர் இராஜதுரை எழுத, தர்மசேன பத்திராஜ நெறியாண்ட 'பொன்மணி' நம் சாதியையும் சீதனத்தையும் நேர்நின்று கேள்வி கேட்டது. மறு ஆண்டு செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் படமாயிற்று.

இவற்றுள் எத்தனையை இன்று நம் பிள்ளைகளுக்குக் காட்ட முடியும்? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிக்கப்பட்டன. 1983 ஜூலையில் ஹெந்தளையில் குணரத்தினம் அவர்களின் விஜயா ஸ்டூடியோ தீக்கிரையாயிற்று. படச்சுருளும் போயிற்று, அதைப் பற்றி எழுதிய தாளும் போயிற்று. எஞ்சிய செய்திகளைத் தேடித் தொகுத்து 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' என நூலாக்கியவர் தம்பிஐயா தேவதாஸ். ஒரு துறையின் வரலாறு பெரும்பாலும் ஒருவர் உழைப்பின்மேல் தங்கியிருப்பது அவருக்குப் பெருமை, நமக்கோ வெட்கம்.

'பொன்மணி' படமாளிகைகளில் நீடித்து ஓடவில்லை. பாட்டும் சண்டையும் தேடிய கண்ணுக்கு அது பிடிக்கவில்லையா, அன்றி நம் வீட்டுச் சீதனக் கணக்கைப் பலர் நடுவே திரையில் காண நமக்கு மனம் பொறுக்கவில்லையா? படம் விட்டு வெளியே வந்த பத்துப் பேரை ஒரு நிருபர் நிறுத்திக் கேட்டெழுதிய குறிப்பு இன்று கையிலிருந்தால், இப்படி ஊகித்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை.

இன்றைய நிலைமைக்கு வருவோம். 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசச் சினிமா விழா நடைபெற்றது. 'கடலோரக் காற்று', 'பனைமரக்காடு' போன்ற படங்களைத் தந்த ந. கேசவராஜன் 2021இல் மறைந்தார். அவர் உயிரோடிருந்த காலத்தில் அவரது தொழிலைப் பற்றி நாம் கேட்டு எழுதியது எவ்வளவு? மதிசுதா என்னும் இளைஞர், பலரிடம் சிறு சிறு தொகையாகப் பணம் சேர்த்து, போரின் இறுதிக் காலத்துப் பதுங்குகுழி வாழ்வைக் கைத்தொலைபேசியாலேயே படமாக்கி 'வெந்து தணிந்தது காடு' என்று பெயரிட்டார். 2021இல் தமிழ்நாட்டின் பெரும்படம் ஒன்று அதே பெயரைச் சூடிற்று. அவர் தம் ஆட்சேபனையைப் பகிரங்கமாகச் சொன்னார். பெரும்படம் 2022இல் அப்பெயரோடே வெளிவந்தது.

சட்டம் படித்தோர் இதில் இரண்டு விடயங்களைக் காண்பர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கம் உருவான கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடும், பதிவு வேண்டா. ஆயினும் வெறும் தலைப்பின்மேல் அவ்வுரிமை கொண்டாடுதல் பலமற்ற வாதம். ஆகவே சிறியவனுக்கு உள்ள அரண், தான் முந்தியவன் என்பதை ஊரறியச் செய்யும் திகதியிட்ட சான்றுதான். படப்பிடிப்பு நடந்த வாரத்திலேயே ஒரு நிருபர் போய்ப் பார்த்து எழுதிய செய்தியைவிட அதற்கு நல்ல சான்று வேறென்ன?

இனி, சிலருக்குக் கசக்கக்கூடிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' என்னும் ஆவணப்படம் 2017இல் கான் விழாவில் காட்டப்பட்டது. 2018இல் யாழ்ப்பாண விழாவிலே காட்டப்பட இருந்தது. எதிர்ப்பு எழுந்தபின் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது. இயக்கங்களிடையே நடந்த கொலைகளைப் பேசும் அப்படத்தின் அரசியலோடு எமக்கும் மாறுபாடு உண்டு. ஆனால் சான்றைப் பாராத நீதவானின் தீர்ப்பு மேன்முறையீட்டில் ஒரு நாளும் நில்லாது. 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தை வைத்துக்கொண்டு கொழும்பு நம் படங்களை வெட்டுவது அநீதி என்போம். நம் ஊரில் நாமே தணிக்கைச் சபையாகி அமர்வோம். இது என்ன நியாயம்? படத்தை முழுதும் பார்த்து, இன்ன இடத்தில் உண்மை, இன்ன இடத்தில் ஒருபக்கச் சாய்வு என்று எழுதக்கூடிய நிருபர்கள் ஊருக்கு இருவர் இருந்திருந்தால், எதிர்த்தோரும் ஆதரித்தோரும் வதந்தியை விட்டுப் படத்தைப் பற்றி வழக்காடியிருப்பர்.

ஊர் சிறியது, நெறியாளர் நிருபருக்கு மச்சானாக இருப்பார், தயாரித்தவர் பத்திரிகைக்கு விளம்பரம் தருபவராக இருப்பார் என்பதை அறிவோம். ஆயினும் சுன்னாகம் சந்தையில் வெங்காய விலை விழுந்தால், விற்றவர் நம் உறவினர் என்பதற்காக எந்தப் பத்திரிகையும் விலையைக் கூட்டிப் போடுவதில்லை. அப்படிப் போட்டால் முதலில் சினப்பவர் கமக்காரரே. அந்த நாணயத்தைத்தான் படத்துக்கும் கேட்கிறோம். எவ்வளவு செலவாயிற்று, பணம் எங்கிருந்து வந்தது, மண்டபம் கொடுக்க மறுத்தவர் யார், எத்தனை பேர் வந்தனர், நடித்தவர்க்குக் கூலி கிடைத்ததா என்பவற்றைக் கேட்டறிந்து எழுதுவது இரசனைக் கட்டுரையினும் கடினமான வேலை. அதற்குரிய வேதனமும் போக்குவரத்துச் செலவும் கொடாமல் நிருபரைக் குறை சொல்வது பத்திரிகை முதலாளிகளுக்கு அழகன்று.

வரும் இதழிலிருந்து, வடக்கு கிழக்கிலும் மலையகத்திலும் காட்டப்படும் நம்மவர் படங்களுக்கு எமது நிருபர் தம் காசில் நுழைவுச்சீட்டு வாங்கிச் செல்வார். அக்காசை நாம் திருப்பிக் கொடுப்போம். அழைப்பிதழும் பொன்னாடையும் ஏற்கமாட்டார். பழைய படங்களின் விளம்பரத் துண்டுகள், பாட்டுப் புத்தகங்கள், புகைப்படங்கள் ஆகியவற்றைப் பெட்டியில் வைத்திருப்போர் எமது காரியாலயத்துக்கு அறிவித்தால், ஆள் அனுப்பிப் பிரதியெடுத்து, மூலத்தை ஒரு வாரத்துள் கையொப்பத்தோடு திருப்பி ஒப்படைப்போம்.